பச்சத்தண்ணியில் அலசின ஃபிலிம்

ஃபிலிம் கேமரா தொழிலில் பாதி வேலை இருட்டறைக்குள். மீதி வேலை வெளியே வந்து வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது. மாட்டுங்காவில் பழைய கேமராக்களைப் பழுதுபார்த்து விற்கிறேன், ரோலும் கழுவித் தருகிறேன். கடைப் பலகையிலும் ‘ஃபிலிம் கழுவித் தரப்படும்’ என்றுதான் இருந்தது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம் என்ற இந்தச் சூதாட்டத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

மூடி

பக்கத்துத் தெரு ராமநாதன் சார், ரிட்டயர்டு ஆபீசர். கொங்கண் பக்கம் பத்து நாள் சுற்றிவிட்டு ரோலைக் கொடுத்தார். கழுவினால் ஒன்றுமே இல்லை. அவருடைய பழைய கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் ஜன்னல் வேறு, படம் பிடிக்கும் லென்ஸ் வேறு. லென்ஸ் மூடியைக் கழற்றாமலேயே மனுஷர் முப்பத்தாறையும் எடுத்திருக்கிறார். எப்படிச் சொல்வதென்று திருதிருவென முழித்து, ஒருவழியாகச் சொன்னேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணும் போயிடலை. எடுத்ததெல்லாம் ஞாபகம் இருக்கு, வரிசையா சொல்றேன் கேளுங்கோ.”

அழிக்க முடியாத கேமரா

முருகேசன் தாராவியில் தையல் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார், திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி இசக்கியம்மாவுக்கு முகத்தில் வெண்புள்ளி வந்து ஆறு வருஷம். அதற்குப் பிறகு ஒரு போட்டோ கிடையாது. மொபைலில் எடுத்தால் அந்த அம்மா உடனே வாங்கிப் பார்த்து அழித்துவிடுவாராம். இவருக்கு ஒரே ஒரு படமாவது வேண்டும்.

“எடுத்த உடனே பாக்க முடியாத கேமராதான வச்சிருக்கீய அண்ணாச்சி? அதுல ஒண்ணு குடுங்க.”

அலசல்

ஞாயிற்றுக்கிழமை முருகேசன் மனைவியைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ரோல் முழுக்க எடுத்துவிட்டார். இப்போது பார்க்க முடியாது என்றதும் அந்த அம்மாவும் நின்றிருக்கிறார்.

மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள். டிபன் டப்பாவுக்குள் ரோல், சொட்டச் சொட்ட. ‘இதைக் கழுவணும்’ என்று சொல்லி வைத்துவிட்டு முருகேசன் வேலைக்குப் போக, இசக்கியம்மா துணியோடு துணியாக அதையும் கழுவிவிட்டார். நல்லவேளை, ஃபிலிமை உறையிலிருந்து வெளிச்சத்தில் உருவவில்லை. முருகேசன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. அந்த அம்மாதான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

“சோப்பு போடல அண்ணாச்சி, பச்சத்தண்ணியிலதான் அலசுனேன்.”

புள்ளி

காய்ந்தால் ஃபிலிம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஈரத்தோடேயே இருட்டறைக்குள் ஓடினேன். வேண்டாத சாமி இல்லை. முப்பத்தாறில் ஐந்து தேறியது. ஐந்திலும் தண்ணீர்க் கறை, வெள்ளை வெள்ளையாக: வானத்தில், அலையில், பேல்பூரி வண்டியில். இந்த அம்மாவிடம் போய்ப் புள்ளி விழுந்த படத்தையா நீட்டுவது? கூசிப்போனேன். ஆனாலும் நீட்டினேன்.

வெகுநேரம் பார்த்தார். முருகேசன் படத்தைப் பார்க்கவில்லை, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் இசக்கியம்மா சிரித்துவிட்டார்.

“எனக்கு மட்டுமில்ல, கடலுக்கும்லா வந்துருக்கு. இதப் பெருசாப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி, வீட்டுல மாட்டணும்.”

அன்றைக்கே பலகையில் ‘கழுவித் தரப்படும்’ என்பதை அழித்து ‘டெவலப் செய்து தரப்படும்’ என்று மாற்றினேன். இது மும்பையாச்சே, பழைய கட்டடத்தை இடித்து மாடி மேல் மாடி கட்டுவதற்கும் இங்கே ‘டெவலப்’ என்றுதான் பேர்; இப்போது தினம் இரண்டு பேர் வந்து எந்தக் கட்டடம், எத்தனை மாடி என்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள்.