கிழங்கு மாவுப் பை

கடையில் பைக்குக் காசு கேட்டால் சண்டை பிடிப்பவர்கள் நடுவில், சிரித்த முகத்தோடு காசு கொடுத்துப் பை வாங்கியவள் நான். அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். பிளாஸ்டிக் ஒழிப்புப் பேரணி என்றால் அட்டையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நடப்பது எப்போதும் நான்தான்.

நான் வழக்கமாகப் போகும் சூப்பர் மார்க்கெட்டில் பழைய பிளாஸ்டிக் பையை நிறுத்திவிட்டுப் புதிதாக ஒரு பை கொண்டுவந்தார்கள். வெள்ளையாக, தொட்டால் மாவு பூசியதுபோல இருக்கும். ஓரத்தில் ஒரு பச்சை இலை. அதற்குக் கீழே ‘கிழங்கு மாவில் செய்தது, மக்கும்’ என்று அச்சடித்திருந்தது. பை ஐந்து ரூபாய். எனக்கு முன்னால் நின்றவர், “காய் வாங்கினா கறிவேப்பிலையே சும்மா குடுக்கறாங்க, பைக்குக் காசுங்களா?” என்று சத்தம் போட்டார். “பூமிக்கு நல்லதுங்க, குடுத்தா என்ன?” என்று அவருக்கும் பாடம் எடுத்தேன். துணிப்பை வீட்டு ஆணியில் தொங்கும். அதை எடுத்துவர மறந்த உறுத்தலை அந்த ஐந்து ரூபாய் துடைத்துவிடும். வாரத்துக்கு மூன்று பையாவது வீட்டில் சேர்ந்தது.

எங்கள் தெருக்கோடி வீட்டில் ஒரு மாடு இருந்தது. செவலை நிறம், அப்போது சினை. அந்த வீட்டு அக்காவின் கணவர் லாரியில் போனால் பல நாள் கழித்துத்தான் வருவார். அதுவரை பால் காசில்தான் அடுப்பு எரியும். தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அக்கா வைத்த ஒரு பக்கெட் இருக்கும். அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறித் தோலையும் நாங்கள் அதில் போட்டு வைப்போம். சாயங்காலம் வந்து எடுத்துப்போய் மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார்.

நான் தோலை அந்த வெள்ளைப் பையில் முடிந்து போடுவேன். அக்கா முடிச்சை அவிழ்த்துத் தோலை மட்டும் உதறிக்கொண்டு பையை ஓரமாக வைத்துவிடுவார். ஒருநாள் நான் இறுக்கிப் போட்ட முடிச்சோடு அவர் மல்லுக்கட்டுவதைப் பார்த்தேன்.

“அக்கா, அவுக்க வேண்டாங்க. இது கிழங்கு மாவுல செஞ்ச பை. திப்பி மாதிரிதான். அப்படியே போடுங்க.”

ஜவ்வரிசி ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கைதான் திப்பி. எங்கள் பக்கத்து மாடுகள் அதைத் தின்றே வளர்கின்றன. கிழங்கிலிருந்து வந்தது எதுவானாலும் மாட்டுக்கு ஆகும் என்பது எங்கள் ஊரில் யாரும் யோசித்துப் பார்க்காத நம்பிக்கை. எனக்கும் அதே நம்பிக்கைதான்.

“நெசமாலுமுங்களா டீச்சர்? மாட்டுக்கு ஒண்ணும் ஆவாதுங்களா?”

“ஒண்ணும் ஆகாது. உங்களுக்குத் திப்பிக் காசு மிச்சம்” என்று சிரித்தேன்.

“படிச்சவீங்க சொன்னாச் சரியாத்தானுங்க இருக்கும்.”

அன்றிலிருந்து அக்கா தோலைப் பையோடு சேர்த்தே தொட்டியில் போட்டார். மாவுப் பொருளா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் விட்டால் போதும், நீலமாகும். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே செய்து காட்டுகிற சோதனை. அந்தப் பையில் விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. படிச்சவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் மாட்டைக் கெடுத்தேன்.

நாலைந்து மாதம் கழித்து மாடு தீனி எடுக்கவில்லை, அசை போடவில்லை. இடப்பக்க வயிறு உப்பிக்கொண்டே வந்தது. மாட்டு டாக்டர் இரண்டு நாள் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது, நாமக்கல் பெரிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். காலையில் வண்டி வந்தது. மாடு எழவில்லை. அக்கா அதன் கழுத்தடியில் தோளைக் கொடுத்து, “எந்திரி சாமி, எந்திரி கண்ணு” என்று முட்டுக்கொடுத்தார். நாலு ஆள் வயிற்றுக்கடியில் சாக்கைக் கொடுத்துத் தூக்கியும் ஆகவில்லை. பத்து மணிக்கெல்லாம் தலையைத் தரையில் சாய்த்துவிட்டது. கன்றும் உள்ளேயே போயிற்று.

புதைப்பதற்கு முன்னால் டாக்டர் வயிற்றை அறுத்துப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் வைக்கோலும் சாணமும் பின்னிய ஒரு பெரிய உருண்டை வந்தது. குடத்துத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். பை பையாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் பச்சை இலை அழியாமல் இருந்தது.

“மக்கும்னு போட்டிருக்குது. உரக்குழியில போட்டாலே மாசக்கணக்குல ஆகும். மாட்டு வயித்துல எங்கீங்க மக்கும்?” என்றார் டாக்டர்.

தகவல் கேட்டு அன்று காலைதான் வந்திருந்த கணவர் அக்காவின் பக்கம் திரும்பினார். “இத்தன பை எங்கிருந்துடி வந்துச்சு?”

நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். அக்கா என்னை ஒரே ஒருமுறை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “நாந்தானுங்க குப்பமேட்டுப் பக்கம் அவுத்து உட்டேன்” என்றார்.

அந்த மாட்டை அவர் ஒருநாளும் கயிறு அவிழ்த்து விட்டதில்லை. கணவர் அத்தனை பேர் முன்னாலும் அவரைக் கன்னத்தில் அறைந்தார். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிற எனக்கு அப்போதும் ஒரு சொல் வரவில்லை. பயம்தான், வேறொன்றுமில்லை. டீச்சர் என்கிற பெயர் போய்விடுமே என்ற பயம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்த அழுகை யாருக்கு என்ன உதவி? அவர் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று இன்றுவரை கேட்கவும் இல்லை.

மறுநாள் அக்கா வீடு வீடாகப் போய்ப் பக்கெட்டுகளை எடுத்துக்கொண்டார். எங்கள் வாசலிலிருந்ததையும் கழுவிக் கவிழ்த்து எடுத்துப் போனார்.

போன மாதம் அதே சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் அக்கா நின்றிருந்தார். தெருவுக்கே பால் ஊற்றியவர், கையில் இரண்டு பாக்கெட் பால்.

“பை வேணுங்களாக்கா? அஞ்சு ரூபா” என்றாள் பில் போடும் பெண்.

“வேண்டாஞ்சாமி” என்று பாக்கெட்டுகளை முந்தானையில் வாங்கிக்கொண்டார்.

அடுத்து நான். துணிப்பையை எடுத்து வைத்தேன். இப்போதெல்லாம் மறப்பதில்லை. அந்தப் பெண் முகம் மலர்ந்து, “உங்களாட்டம் எல்லாரும் பை கொண்டாந்தா எத்தன நல்லா இருக்குமுங்க டீச்சர்” என்றாள்.

அக்கா வாசலில் நின்று திரும்பினார். குரலில் குத்தல் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அது இல்லை.

“ஆமா சாமி, டீச்சரு ரொம்ப நல்லவீங்க” என்று சொல்லிவிட்டு, பாலோடு வெயிலில் இறங்கி நடந்தார்.