மூன்றெழுத்துக் கையொப்பம்

பார்சல் சீட்டின் பின்புறத்தில் நான் எழுதிக் கொடுத்த மூன்று எழுத்துகளை இளவரசி தூரிகையால் பார்த்துப் பார்த்து வரைந்த காலைப்பொழுது இன்னும் கண்ணில் நிற்கிறது. ‘வி’யின் மேற்சுழியைத் தொப்பி என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். தன் பட்டத்துக்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்டிருந்தார். படங்களில் அதையே கையொப்பமாக இடப்போவதாகச் சொன்னார். நான் எழுதிக் கொடுத்தது ‘விசரி’. யாழ்ப்பாணத்தில் பைத்தியக்காரியை அப்படித்தான் சொல்வோம்.

அவர் உண்மையிலேயே இளவரசி. முடியாட்சி ஒழிந்த ஒரு சிறிய ஐரோப்பிய நாட்டிலிருந்து, ஏழு வயதில் தாயோடு ரயிலேறி வந்தவர். தேம்ஸ் கரையில், நான் வாசல் மேசையில் வேலை பார்த்த குடியிருப்பின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். தேநீர்த் தட்டுகளில் வர்ணம் குழைத்து, அரண்மனைப் படிக்கட்டு ஒன்றையே திரும்பத் திரும்ப வரைவார். எத்தனை படிகள் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. படத்துக்குப் படம் எண்ணிக்கை மாறும்.

நான் ஊரில் கணித ஆசிரியர். இங்கே அவருடைய பார்சல்களைத் தூக்கிக்கொண்டு மாடியேறினேன். நாடு போன பிறகும் அவரை எல்லோரும் இளவரசி என்றே அழைத்தார்கள். என்னை மாஸ்டர் என்று சொல்ல, துப்புரவு வேலைக்கு வந்த மன்னார்ப் பெண் ஒருத்திதான் இருந்தாள். அந்த எரிச்சலில் செய்த காரியம் அது.

சில மாதங்கள் கழித்து அவள் வாளியோடு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“மாஸ்டர், அந்த மனுசி ‘நான் விசரி’ எண்டு எனக்குக் கை குடுக்குது. ஆர் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான். சும்மா ஒரு பகிடிக்கு.”

“நல்ல பகிடி. உங்களை விசரன் எண்டு கையெழுத்து வைக்கச் சொன்னா வைப்பியளோ? இண்டைக்கே போய்ச் சொல்லுங்கோ.”

“ஓம், சொல்லுறன்.”

சொல்லவில்லை. அதற்குள் ஒன்பது படங்களில் அந்தச் சொல் ஏறியிருந்தது.

பிறகு இளவரசியே ஒரு விருப்பத்தோடு வந்தார். அவருடைய படங்களை எந்த ஓவியக் கூடமும் ஏற்கவில்லை. கடைசியில், அந்த மன்னார்ப் பெண் போகும் தமிழ்த் தேவாலயத்தின் மண்டபத்தில் வைக்கலாமா என்று பாதிரியாரிடம் கேட்கச் சொன்னார். உங்கள் ஆட்கள் என் பெயரைத் தாங்களாகவே வாசிப்பதைக் கேட்க ஆசை என்றார்.

நான் பாதிரியாரிடம் கேட்கவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, மண்டபம் கிடைக்காதாம் என்று பொய் சொன்னேன். அடுத்த வருடம் பார்ப்போம் என்றார் அவர். எனக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டதாக மன்னிப்பும் கேட்டார். அந்தக் குளிர்காலத்திலேயே இறந்துபோனார். என் பகிடியை மறைப்பதற்காக, அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய ஒரே கண்காட்சியை நான் இல்லாமல் செய்தேன்.

இப்போது நோர்பரிப் புறநகரில் ஓய்வாக இருக்கிறேன். ஆற்றோரம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்த மூன்றாம் மாடி ஜன்னலைத் தேடுகிறேன். அங்கே வேறு யாருடைய திரைச்சீலையோ தொங்குகிறது. ‘இளவரசி’ என்று ஐந்து எழுத்துகளை எழுதிக் கொடுக்க ஒரே ஒரு காலைப்பொழுது வேண்டும் என்று மனம் கிடந்து ஏங்குகிறது.

எனக்கென்று அவர் குறித்து வைத்திருந்த ஒரு படத்தை அவருடைய சகோதரியின் மகள் கொண்டுவந்து தந்தாள். வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் மூலையில் இருப்பதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

“ஆர் மாஸ்டர் இந்த விசரி?”

“ஒரு இளவரசி” என்கிறேன்.

“உங்கடை பகிடி இன்னும் போகேல்லை” என்கிறார்கள்.