கிளட்ச் கேபிளின் முனை

அருப்புக்கோட்டை மில்லில் பராமரிப்புப் பிரிவு வேலைக்கு அன்று எனக்கு நேர்முகத் தேர்வு. பரளச்சியிலிருந்து காலை பஸ் போய்விட்டது. அப்பா விட்டுப்போன பைக்கை எடுக்கப் போனால், கிளட்ச் கேபிள் அறுந்து தொங்கியது.

"பழைய கேபிளுதான, அறுந்துபோச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வாராக. போயி சேலையக் கட்டு," என்றான் அண்ணன்.

தானாக அறுந்த கேபிளின் முனை பிரிபிரியாகச் சிலும்பியிருக்கும். இது கட்டிங் பிளையரால் ஒரே வெட்டாக வெட்டியது. நான் வண்டியைத் தெருவுக்கு உருட்டினேன்.

கிளட்ச் இல்லாமலும் ஓட்டலாம். நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி உட்கார்ந்து முதல் கியரை அழுத்த வேண்டும். அடுத்த கியருக்கு ஆக்சிலரேட்டரைச் சட்டென விட்டு மிதிக்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி தள்ள வேண்டியதுதான்.

வண்டி உதறிக்கொண்டு கிளம்பியது. அண்ணன் சந்து வழியாக ஓடிவந்து தெருமுனையில் கைகளை விரித்து நின்றான்.

"ஏலே, நிறுத்துவா பாரு," என்று கடையில் நின்ற கூட்டாளியிடம் சிரித்தான்.

நான் பிரேக்கைத் தொடவில்லை. இரண்டாம் கியரை மிதித்தேன். கடைசி நொடியில் அவன் கருவேல முள்ளுக்குள் பாய்ந்தான்.

வேலை கிடைத்தது. அண்ணன் கேபிளை வெட்டியதைக்கூட மறந்துவிடுவேன். நான் நிறுத்திவிடுவேன் என்று அவன் அவ்வளவு உறுதியாகச் சிரித்ததுதான் இன்னும் சுடுகிறது.

"அவன் விலகாட்டி என்னடி பண்ணியிருப்ப?" என்று அம்மா ஒருநாள் கேட்டாள்.

"தெரியலம்மா," என்றேன்.

எனக்குத் தெரியும்.