வலமாகச் சுற்றிய நட்டு

தேரடி வீதிக்குப் பின்சந்தில் இருந்த பஞ்சர் கடை 1996 தீபாவளிக்கு முன்னால் மூடப்பட்டது. கடைக்காரர் ஒரு காரின் சக்கர நட்டைச் சரியாக இறுக்கவில்லை, அதனால் சக்கரம் கழன்றுபோனது என்பது ஊர் அறிந்த காரணம். அந்த நட்டைத் தளர்த்திய கை யாருடையது என்பதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். கார் எங்களுடையது.

1993 ஜூனில் என் கணவர் அதை ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவரின் மகனிடமிருந்து வாங்கிவந்தார். வெளிநாட்டில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை. எங்கள் லாட்ஜின் வாசலில் அதை நிறுத்தியதும் ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள் எல்லோரும் வந்து சக்கரத்தைத்தான் பார்த்தார்கள். சைக்கிள் சக்கரம் போலக் கம்பிகள். வழக்கமாக இருக்கும் நான்கைந்து நட்டுகள் இல்லை; நடுவில் ஒன்றே ஒன்று, உள்ளங்கை அகலத்துக்கு, இரண்டு பக்கமும் காது வைத்தது. அந்தக் காதில் சுத்தியால் அடித்துத்தான் கழற்ற வேண்டும், அடித்துத்தான் இறுக்க வேண்டும்.

“ஸ்பேனரே வாணாம்டா. நாலு அடி, நாலு சக்கரம்” என்று என் கணவர் பெருமையடித்துக்கொண்டார்.

அதோடு வாழ்ந்து பார்த்தால்தான் அதன் தொல்லை தெரியும். முதல் பஞ்சருக்கு ஒரு கடைக்காரர் இரும்புச் சுத்தியால் அடித்து ஒரு காதை நசுக்கிவிட்டார். அடுத்த இரண்டு கடைகள் தொடவே மாட்டோம் என்றன. பின்சந்துக் கடை பாய் மட்டும் வந்து, தரையில் உட்கார்ந்து, நட்டை வெகுநேரம் தடவிப் பார்த்தார். மறுவாரம் பழைய பேட்டரிகளின் ஈயத்தை உருக்கி ஒரு சுத்தி வார்த்து எடுத்துவந்து லாட்ஜிலேயே வைத்தார். ஈயம் மென்மையானது, காதை நசுக்காது. நட்டின் முகத்தில், கழற்றும் திசையைக் காட்டும் ஓர் அம்புக்குறி பொறித்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

“அம்மா, இங்க பாருங்க. இடது பக்கத்து நட்டு வலமாச் சுத்துனா டைட்டாவும். வலது பக்கம் அப்படியே உல்டா. ஓடும்போது தானாக் கழலக் கூடாதுனு இப்படி வெச்சிருக்கான். வெள்ளக்காரன் மூளை ஜாஸ்தி” என்றார். என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். ஆனால் தெருவில் யார் யார் பார்க்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தார்.

மூன்றேகால் வருடத்தில் பதினான்கு பஞ்சர். நாட்காட்டித் தாளின் பின்புறம் எல்லாவற்றையும் நான் குறித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பாய் மூன்று அடி அடிப்பார், நின்று கேட்பார், நான்காவது அடிப்பார். நட்டு இறுகிவிட்டால் அடியின் சத்தம் மாறும். மாடி வராந்தாவில் நின்று கேட்டுக் கேட்டு எனக்கும் அது பிடிபட்டுவிட்டது.

1995 பொங்கல் சமயம், சென்னையிலிருந்து வந்த விருந்தாளிகளுக்கு என் கணவர் சக்கரம் கழற்றிக் காட்டினார். வலப்பக்க நட்டு எத்தனை அடித்தும் வரவில்லை. அவர் அதை மேலும் இறுக்கிக்கொண்டிருந்தார். நான் மாடியிலிருந்து, “அந்தப் பக்கம் மாத்தி அடிக்கணுங்க” என்றேன்.

விருந்தாளிகளில் ஒருவர் சிரித்துவிட்டார். என் கணவர் சுத்தியைக் கீழே வைத்தார். என்னைக் கீழே கூப்பிட்டார். “கார் டாக்டர் வந்திருக்காங்க, வழி விடுங்க” என்றார். நான் புடவையோடு வீதியில் மண்டியிட்டு அந்த நட்டைக் கழற்றினேன். சரியான திசையில் அடித்ததால் இரண்டாவது அடியிலேயே வந்துவிட்டது. அதுதான் நான் செய்த பெரிய குற்றம். ஒரு மாதம் வரை லாட்ஜ் ஆட்கள் என்னை ‘மெக்கானிக் அம்மா’ என்று கூப்பிட வேண்டும் என்பது அவர் உத்தரவு. கூப்பிட்டார்கள். உள்ளே வந்து என்னிடம் சொன்னது வேறு: “இனிமே என் வண்டியப் பத்தி நீ வாயத் தொறந்தே, கீழ்பென்னாத்தூர் பஸ்ல ஏத்தி உங்கப்பன் ஊட்டுக்கே அனுப்பிடுவேன்.”

1996 ஆயுத பூஜை அன்று காலை முன் வலச் சக்கரத்தில் பஞ்சர். பாய் வந்தார், ஒட்டினார், மாட்டினார். மூன்று அடி, பிறகு நான்காவது. சத்தம் மாறியது. எனக்குக் கேட்டது. அவர் மற்ற சக்கரங்களைத் தொடவில்லை. “நல்லா இருக்குதும்மா” என்று மேலே பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு பூஜை. காரைக் கழுவி, நான்கு நட்டுகளிலும் சந்தனத்தைக் கெட்டியாக அப்பிக் குங்குமம் வைத்தார்கள். அம்புக்குறி சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். பூசணிக்காயைச் சுற்றி உடைத்ததும் கூட்டம் கலைந்து பொரி வாங்கப் போய்விட்டது. என் கணவருக்குப் போதவில்லை. ஈயச் சுத்திக்கும் பொட்டு வைத்து எடுத்துக்கொண்டார்.

“நம்ம ஊர்ல மலையையே வலமாத்தான் சுத்துறோம். நட்டு மட்டும் இன்னா?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காரை வலம்வந்து, ஒவ்வொரு நட்டின் காதிலும் வலமாக மூன்று அடி அடித்தார். இடப்பக்கம் இரண்டும் இறுகின. வலப்பக்கம் முன்னும் பின்னும் அடித்தபோது சத்தம் தளர்ந்தது. அவர் ஒவ்வோர் அடிக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நான் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

பயம்தான் காரணம் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். வாயைத் திறக்கக் கூடாது என்றவர் அவர். என்ன ஆகும் என்று பார்க்கலாம் என்ற எண்ணம் மீதிப் பாதி. அந்த எண்ணத்தில் ஒரு குளிர்ச்சி இருந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

என் கொழுந்தன் பக்கத்தில் ஏறிக்கொள்ள, கார் செங்கம் ரோடு பக்கம் போனது. பண்டிகைக் கூட்டம். அடிக்கு ஒரு பிரேக். ஒவ்வொரு பிரேக்குக்கும் நட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றிருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் முன் வலச் சக்கரம் தனியாக உருண்டுபோய் ஒரு கரும்புச்சாறு வண்டியில் மோதி விழுந்தது. கார் தரையில் இழுபட்டு மைல்கல்லில் முட்டியது. என் கணவருக்கு வலது முழங்கால் சில்லு உடைந்தது. கொழுந்தனுக்கு முன்பற்கள் இரண்டு போயின.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிந்ததும் என் கணவர் சொன்ன முதல் வார்த்தை, “பாய் டைட் பண்ணலடா.”

அன்று சாயந்திரத்துக்குள் ஊர் முழுக்க அதுவே பேச்சானது. ஆட்டோக்காரர்கள் பாயின் கடையைத் தாண்டும்போது வேண்டுமென்றே நிறுத்தி, குனிந்து, “பாய், நாலு சக்கரமும் கீதானு பாத்துச் சொல்லு” என்பார்கள். முதல் வாரம் அவரும் சிரித்தார். இரண்டாவது வாரம் கடைக்கு யாரும் போகவில்லை. “அந்த நட்டை நான் இறுக்குனது நெசம்” என்று அவர் ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னார். அப்படிச் சொல்லச் சொல்லச் சிரிப்பு அதிகமானது.

விபத்து நடந்த பதினெட்டாம் நாள் காரைச் சரிசெய்து, லாரியில் ஏற்றி லாட்ஜ் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். என் கணவர் மாவுக்கட்டுக் காலை ஸ்டூலில் நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொழுந்தன் பாயைக் கூட்டிவந்தான். அடிக்கவில்லை. அதைவிட நல்லதாக ஒன்று அவனுக்குத் தோன்றியிருந்தது.

“அந்த நட்டை நூறு தடவ கழட்டி நூறு தடவ மாட்டு. அப்பவாச்சும் கத்துக்குவே” என்றான். பல் போன இடத்தில் சொற்கள் காற்றாக வந்தன. யாரோ கிண்டலாக இருமினார்கள். அவன் முகம் இன்னும் கடுமையானது.

பாய்க்கு அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். உட்கார்ந்தார். அடித்தார், கழற்றினார், மாட்டினார், அடித்தார். ஆட்டோ ஸ்டாண்டே கூடி நின்று எண்ணியது. இருபதுக்கு மேல் சுத்தியை இரண்டு கையாலும் பிடித்தார். “ஏழுமல, சோடா குடுடா பாய்க்கு” என்று ஒருவன் கத்த, இன்னொருவன், “சோடா இன்னாத்துக்கு, ஸ்க்ரூ குடு” என்றான். நாற்பதாவது தடவை அவர் மூச்சு வாங்கப் பின் சக்கரத்தில் கையை ஊன்றினார். கை வைத்ததும் அந்த நட்டு ஆடியது.

பாய் எழுந்து நின்றுவிட்டார்.

“மொதலாளி, இத நான் தொடவே இல்லீங்க. அன்னிக்கு முன்னாடி சக்கரந்தான் பஞ்சர். இது எப்படிங்க லூசாச்சு? யாரோ ரெண்டையும் வலமா அடிச்சிருக்காங்க.”

கூட்டம் பின் சக்கரத்தைப் பார்க்க நெருங்கியது. பிறகு கொழுந்தன், “பாத்தியாண்ணா, இதையும் லூசு பண்ணி வெச்சிருக்கான்!” என்றான். கூட்டம் ஓவென்று கத்தியது.

பாய் மேலே பார்த்தார். வேறு எங்கும் பார்க்க அவருக்கு இடமில்லை.

“அம்மா, நீங்க மேலருந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க. நான் போனப்புறம் யாரு அடிச்சாங்கனு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. என் கடை போயிடும்மா.”

சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும்: பார்த்துக்கொண்டிருந்த நீ ஏன் அப்போதே சொல்லவில்லை? என் கணவரும் இப்போது மேலே பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அவருக்கு நினைவு வந்துகொண்டிருந்தது. தன் கையில் இருந்த சுத்தியும் கன்னத்தில் போட்டுக்கொண்டதும் ஒவ்வொன்றாக நினைவு வந்ததை அவர் கண்ணிலேயே பார்த்தேன். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அந்த ஒரு தடவை அவர் பயந்தார்.

“நான் உள்ள இருந்தேன் பாய். எதையும் பாக்கல” என்றேன்.

என் கணவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “எம் பொண்டாட்டி பொய் சொல்ல மாட்டா” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கல்யாணமான பதினோரு வருடத்தில் நாலு பேர் எதிரில் அவர் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது.

பாய் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலாம். “சரிம்மா” என்றார். பிறகு முன் சக்கரத்துக்குத் திரும்பவில்லை. பின் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து, அந்த நட்டை இடமாக மூன்று அடி அடித்தார், நின்று கேட்டார், நான்காவது அடித்தார்.

“எவனாச்சும் ஓட்டுவான்ல” என்றார், யாரையும் பார்க்காமல். அதற்கப்புறம்தான் நாற்பத்தொன்று.