பந்தக்கால் வாசலில் பாசி சுரண்டியவள்

அடி விழும் என்று தெரிந்த இடத்தில் நின்று, விழுகின்ற அடியை வாங்கிக்கொண்டே, எடுத்த காரியத்தை முடிக்கும் உறுதிக்கு அஞ்சாமை என்று பெயர். அடியார் பலர் அதனை இறைவனிடம் இரந்து பெற்றனர். சிங்காநல்லூர்க் குளத்துக்கு மேற்கே ஓட்டுச் சாளை வீடு ஒன்றில் வாழ்ந்த ராசம்மாள் அதனை யாரிடமும் இரக்கவில்லை. காங்கேயத்துக்குத் தெற்கே, மழை காணாத மேட்டாங்காட்டில் பிறந்தபோதே அது அவளுடன் பிறந்திருக்க வேண்டும்.

அவளுடைய தந்தை பண்ணையாள். காளை ஒன்று பாறைச் சந்தில் கால் ஒடித்துக்கொண்ட நாளில், அவரை வேப்பமரத்தில் கட்டி, வண்டிச் சாட்டையால் அடித்தார்கள். ஒன்பது வயது ராசம்மாள் ஓடிப்போய்ச் சாட்டையின் நுனியைப் பற்றிக்கொண்டாள். அடித்தவன் சாட்டையை இழுக்க, அவளுடைய உள்ளங்கை கிழிந்தது. விட்டாளில்லை. இரண்டு பேர் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. அந்தக் கையில் ரேகைக்குக் குறுக்கே ஒரு வெண்கோடு கடைசிவரை இருந்தது.

பதினெட்டில் அங்கப்பனை மணந்து சிங்காநல்லூருக்கு வந்தாள். அங்கப்பன் பஞ்சாலை ஒன்றில் பஞ்சுப் பொதிகளான பேல் சுமப்பவன். ஆலையின் முதலாளி கோவிந்தராஜுலு நாயுடுவின் பங்களாவில் எந்த வேலை வந்தாலும் ஆலை ஆட்களையே அழைப்பார்கள். அந்த வேலைகளில் பாசி எடுப்பதும் ஒன்று.

வாயிற்கதவிலிருந்து கார் நிற்கும் முகப்பு வரை நூற்றிருபது அடி நீளத்துக்குக் கருங்கல் பாவிய ஏற்றம் அது. இருமருங்கும் மாமரங்கள் கவிந்திருந்தமையால் வெயில் கல்லைத் தொடுவதில்லை. ஐப்பசி மழை நின்ற பத்தாம் நாள் பாசி கல்லை மூடிவிடும். ஓரங்களில் சாம்பல் நிறக் கல்பாசி திட்டுத் திட்டாகப் படர்ந்து, கல்லோடு கல்லாக இறுகிக் கிடக்கும். காண்பதற்குக் குளிர்ச்சிதான், காலை வைத்தால் மண்டை பிளக்கும்.

கணவனோடு போய்ப் பழகிய ராசம்மாளுக்கு அந்த வேலையில் ஒரு முறைமை இருந்தது. கடலைக்காட்டில் களை வெட்டித் தேய்ந்த களைக்கொத்தைச் சாய்த்துப் பிடித்து, மேட்டின் உச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கிச் சுரண்டி வருவாள். உரிந்த பாசியின் வழுவழுப்பு சுரண்டாத பக்கத்துக்கே ஓடும். எடுத்த கல் மறுபடி அழுக்காகாது. பின்னர் உப்பும் பிளீச்சிங் பவுடரும் தூவித் தென்னஞ் சீமாற்றால் தேய்ப்பாள். முழுவதும் முடிய நான்கு நாள் ஆகும்.

பங்களாவின் மேலாளர் மாரப்பனுக்கு நான்கு நாள் பொறுமை கிடையாது. சாயப்பட்டறைக்கு வரும் கெட்டி ஆசிட்டைக் கேன்களில் வரவழைத்துக் கல்லில் ஊற்றச் செய்வார். அரை நாளில் பாசி வெந்து கழன்றுவிடும். ஆனால் அந்த மதிலுக்குள் வேலையாள் எவரும் காலில் எதுவும் அணிந்து நுழையக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். செருப்புகள் யாவும் வாயிற்கதவுக்கு வெளியே காகிதப்பூக் கொடியின் அடியில் கிடக்க வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில் அங்கப்பன் வெறுங்காலோடு ஆசிட் ஊற்றினான். நண்பகலுக்குள் பாதங்கள் வெளுத்து எரியத் தொடங்கின. மாரப்பன் ஒரு கிண்ணம் தேங்காயெண்ணெய் கொடுத்து, "தடவிப்போட்டு வேலையப் பாரு" என்றார். அங்கப்பன் தடவிக்கொண்டான், பொழுது சாயும்வரை நின்றான். ஐந்தாம் நாள் சீழ் கட்டியது. ஆஸ்பத்திரியில் வலது காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

கட்டுப் பிரித்த அன்று கோமளா என்னும் நர்ஸ் ராசம்மாளைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "எண்ணெயைத் தடவி ஆசிட்டை உள்ளேயே பூட்டி வெச்சுட்டீங்க. பட்ட உடனே ஓடுற தண்ணியில கால வெச்சிருந்தா இந்த விரல் போயிருக்காதும்மா. ஒரு படி அரிசி வேகுற நேரம் வெச்சிருக்கணும். அவரு கத்தினாலும் எடுக்க விட்டிருக்கக் கூடாது."

ராசம்மாள் அந்தச் சொற்களை மந்திரம்போல் மனத்துள் பதித்துக்கொண்டாள். பேல் சுமக்க இயலாதவனாய் அங்கப்பன் வீட்டோடு முடங்கினான். மகள் அன்புச்செல்வி எட்டாம் வகுப்பில் இருந்தாள். அந்தச் சாளையில் இனி உழைப்பதற்கு எஞ்சியவை ராசம்மாளின் இரண்டு கால்களே. அவை வெந்தால் அடுப்பு அணையும். 'இன்னொரு காலு வேகாது' என்று அன்றே அவள் தனக்குள் உறுதி செய்துகொண்டாள்.

மறு ஆண்டு கார்த்திகையில் முதலாளியின் மகள் சாய்ப்ரியாவுக்குத் திருமணம் குறித்தார்கள். முகப்பில் பந்தக்கால் நட்ட மறுநாள், பாசியில் வழுக்கிய கார் பின்னோக்கிச் சறுக்கி வாயில் தூணை இடித்து நின்றது. திருமணத்துக்கு மூன்றே நாள். மாரப்பன் ஆளனுப்பி ராசம்மாளை வரச் சொன்னார்.

அவள் உக்கடம் பழஞ்சாமான் கடையில் முன்பே வாங்கி வைத்திருந்த, முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸை வெளியே எடுத்தாள். அங்கப்பன் அவற்றைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"ஏம்புள்ள, ரெண்டும் எடக்காலா இருக்குது?"

"இருந்தா என்னுங் மாமா? ஆசிட்டுக்கு எடது வலது தெரியுமாக்கு?"

அவன் சிரிப்பு நின்றது. "அந்த மாரப்பன் உள்ள உடமாட்டான். அடிப்பான் புள்ள."

"அடிச்சா ஆறிப்போகும். வெரலு மொளைக்குமுங்களா?" என்று சொல்லிவிட்டு, களைக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

பந்தக்கால் நட்ட வாசல் என்பதனால் அன்று பங்களாவில் மாரப்பன் உட்பட எவர் காலிலும் செருப்பில்லை. ஏற்றத்தின் நடுவே, மூடி திறந்த இரண்டு ஆசிட் கேன்களுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். தொப்தொப்பென்று பூட்ஸ் ஒலிக்க வந்தவளைக் கண்டதும் அவர் புருவம் நெரிந்தது.

"என்ன கோலம் இது? பட்டாளத்துக்குப் போறியா?"

"பாசிக்கு வாரனுங்க."

"கழட்டு அதை. பந்தக்கால் நட்ட வாசலு. நானே வெறுங்கால்ல நிக்கறன், கண்ணு தெரியலியா?"

"நீங்க நெழல்ல நிக்கறீங்க. நான் ஆசிட்டுல நிக்கோணுமுங்க."

"போன வருசம் உம் புருசன் நிக்கலியா?"

"நின்னாருங்க. இப்ப நிக்கச் சொல்லிப் பாருங்க."

பந்தல் போட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் மாரப்பனுக்குத் தாங்கவில்லை. ஓங்கி அறைந்தார். ராசம்மாள் ஒரு முழங்காலில் விழுந்தாள். உதடு கிழிந்து இரத்தம் பாசியின்மேல் சொட்டியது. எழுந்து துப்பினாள்.

"ஆசிட்ட எடுத்துப்போட்டுப் போயிருங்க. களைக்கொத்துலயே மூணு நாள்ல முடிச்சுத் தாரேன். ராத்திரியும் பகலும் சுரண்டறேன். பூட்ஸு மட்டும் கழட்டமாட்டேனுங்க."

"எனக்கே சட்டம் சொல்றியா!"

அவர் இரண்டாம் முறை கையை ஓங்கவில்லை, காலை ஓங்கினார். ராசம்மாள் ஒதுங்கினாள். உதை கேனின்மேல் விழுந்தது. கேன் சாய்ந்தது. நின்ற கால் பாசியில் வழுக்க, மாரப்பன் மல்லாந்து விழுந்தார். தலை கல்லில் மோதும் ஓசை பந்தல் மேலிருந்தவர்களுக்கும் கேட்டது. கேனிலிருந்து கொப்பளித்த ஆசிட் சரிவில் இறங்கி, அவருடைய இரு பாதங்களையும் கணுக்கால் வரை நனைத்துக்கொண்டு ஓடியது. அது சென்ற வழியெல்லாம் பாசி பழுப்பாய்ச் சுருண்டது; கல்லிடுக்குச் சிமெண்ட் சீறி நுரைத்தது; கண்ணைக் கரிக்கும் புகை எழுந்தது. அந்தப் புகையின் நடுவே மாரப்பன் அலறினார்.

அக்கணத்தில் ராசம்மாள் பகை மறந்தாள் என்று சொல்வதற்கில்லை. இந்த மனிதர் ஆசிட்டில் நின்று துடிக்க வேண்டும் என்று ஓராண்டு காலம் அடுப்படியில் உட்கார்ந்து எண்ணியவள் அவள். எண்ணியது கண்முன் நடந்தபோது அவள் கண்டது வெளுத்துக்கொண்டு வரும் பாதத்தை. அங்கப்பனின் பாதமும் இதே நிறத்தில்தான் வெளுத்தது. 'இன்னொரு காலு வேகாது' என்று தான் சொல்லிக்கொண்ட உறுதி யாருடைய காலைக் குறித்தது என்று அவள் நின்று ஆராயவில்லை. பூட்ஸ் காலோடு புகைக்குள் புகுந்து, மாரப்பனின் சட்டைக் காலரைப் பற்றித் தரதரவென்று இழுத்தாள்.

தோட்டத்து ஓரத்தில் கார் கழுவும் தண்ணீர்த் தொட்டி இருந்தது. அவர் கால்களைத் தூக்கித் தொட்டிக்குள் போட்டாள். குழாயை முழுவதும் திறந்து, ரப்பர் ஹோஸால் பாதங்களின்மேல் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

"எண்ணெ! எண்ணெ கொண்டாங்கடா! சாவடிக்கறாளே!" என்று மாரப்பன் கதறினார். கால்களை வெளியே இழுக்கத் திமிறினார். ஒரு குதிகால் ராசம்மாளின் வாயில் இடித்தது. முன்பல் ஒன்று உடைந்து நாக்கில் கிடந்தது. அதையும் துப்பிவிட்டு, ஹோஸைத் தொட்டிக்குள் ஓடவிட்டு, அவருடைய தொடைகளின்மேல் ஏறி உட்கார்ந்து, முழங்கால்களை இரு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

ஓடி வந்தவர்கள் கண்டது இதைத்தான்: வாயெல்லாம் இரத்தமாக ஒருத்தி, மேலாளரைக் கீழே தள்ளி, அவர்மேல் உட்கார்ந்து நசுக்குகிறாள். டிரைவர் கதிரேசன் பந்தல் சவுக்குக் கம்பு ஒன்றை எடுத்து அவள் முதுகில் ஓங்கிப் போட்டான். அவள் அசையவில்லை. அடுத்த அடி தோளில் விழுந்தது. எலும்பு முறிவதை அவள் காதால் கேட்டாள். வலி பிறகுதான் வந்தது. இடக்கை செயலற்றுத் தொங்கியது.

"எந்திரிடி! உட்ரு அவர!"

"அடிச்சுக்க கண்ணு. காலு தண்ணியிலதான் கெடக்கும்."

கதிரேசன் மூன்றாம் முறை கம்பை உயர்த்தியபோது அவள் வலக்கை இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தைப் பற்றியது. அமர்ந்தபடியே வீசினாள். கதிரேசனின் முழங்காலுக்குக் கீழே தோல் பிளந்து இரத்தம் வழிந்தது. அவன் பின்வாங்கினான். பந்தல்காரர் நால்வர் நெருங்கினார்கள்.

"கிட்ட வந்தா கொத்திப்போடுவேன்! ஒரு படி அரிசி வேகோணும். அதுவரைக்கும் ஒருத்தனும் வராதீங்க!"

அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே அவர்கள் எண்ணினார்கள். ஒருவன் கல்லை எடுத்தான். அது அவள் நெற்றிக்கு மேலே பட்டுத் தெறித்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அவளோ உலை கொதிப்பதை மனத்துள் கண்டுகொண்டிருந்தாள்: அரிசி களைந்து போட்டாயிற்று; இப்போது நுரை கட்டுகிறது; இன்னும் பதம் வரவில்லை; இன்னும் வரவில்லை.

கூச்சல் கேட்டு முதலாளியின் மனைவி வெங்கடலட்சுமி முகப்புப் படிகளில் இறங்கி வந்தார்.

"கதிரேசா, கம்பைக் கீழே போடு! ஏம்மா, என்ன பண்றே அவரை?"

"கழுவறேனுங்க அம்மா. எண்ணெ தடவி எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு வெரல் போச்சுங்க. இவுருக்கும் போகோணுமுங்களா?"

வெங்கடலட்சுமி ஆசிட் புகையும் ஏற்றத்தைப் பார்த்தார். சாய்ந்து கிடந்த கேனைப் பார்த்தார். ராசம்மாளின் தொங்கும் கையைப் பார்த்தார். பிறகு பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டியருகே அமர்ந்து, தண்ணீருக்குள் கிடந்த ஹோஸைத் தம் கையில் எடுத்தார்.

"நான் பிடிச்சுக்கறேன். எவ்வளவு நேரம்?"

"இன்னும் கொஞ்சமுங்க. சோறு இப்பத்தான் நுரை கட்டுது."

ஆலை மருத்துவர் வந்து பாதங்களைச் சோதித்தார். மேல்தோல் வெந்திருந்தது, விரல்களுக்குக் கேடில்லை. உடனே தண்ணீரில் வைத்தவர் யார் என்று அவர் கேட்டபோது வெங்கடலட்சுமி மாமரத்தடியைக் காட்டினார். ராசம்மாள் அங்கே மயங்கிக் கிடந்தாள்.

மாரப்பன் பத்து விரலோடும் எழுந்து நடந்தார். நன்றி என்னும் சொல் அவர் வாயில் வரவில்லை. "என்னைக் கொல்லப் பாத்தவ" என்றே ஊரெல்லாம் சொல்லிவந்தார். போலீசில் எழுதிக் கொடுக்கவும் புறப்பட்டார். "நீங்க எழுதினா, நான் கண்டதை நானும் எழுதுவேன்" என்று வெங்கடலட்சுமி ஒரே வாக்கியத்தில் அதை நிறுத்தினார். திருமணம் நடந்தது. பாசி பாதி வெந்தும் பாதி வேகாமலும் கிடந்த கல்லின்மேல் தேங்காய்நார் விரிப்பைப் போட்டு மறைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதன்மேல் நடந்து போனார்கள்.

தோள் எலும்பு கூடுவதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை அங்கப்பன் சமைத்தான். அன்புச்செல்வி தாய்க்குத் தலைவாரிவிட்டாள். தைப் பொங்கல் கழிந்தபின் வெங்கடலட்சுமி மீண்டும் ஆளனுப்பினார். ராசம்மாள் வாயிற்கதவுக்கு வெளியே நின்று தன் சொல்லைச் சொன்னாள்.

"ஆசிட்டு இந்த மதிலுக்குள்ள வரக் கூடாதுங்க. எங்காலுல பூட்ஸு இருக்கோணும். என்னெயாட்ட வேற யாரு வந்தாலும் இருக்கோணுமுங்க. அப்படீன்னா வாரேன். இல்லீன்னா பாசி உங்க கல்லுலயே இருக்கட்டுமுங்க."

மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். வெங்கடலட்சுமி கதவைத் தாமே திறந்துவிட்டார். அன்று அவள் பூட்ஸோடு அந்தக் கல்லின்மேல் ஏறிப்போனதைப் பார்த்த தோட்டக்காரர் இருவர், மறுநாள் தங்கள் செருப்போடு உள்ளே வந்தனர். அவர்களைத் தடுப்பார் இல்லை.

அதன்பின் சிங்காநல்லூரிலிருந்து துடியலூர் வரை எத்தனையோ வீட்டு வாசல்களில் ராசம்மாள் பாசி எடுத்தாள். ஆசிட் என்று வாயெடுத்த வீட்டில் அவள் கால் வைத்ததில்லை. இடத்தோள் சற்றே தாழ்ந்திருக்கும்; சிரித்தால் பல்லில் இடைவெளி தெரியும். அதைப்பற்றிக் கேட்டவர்களிடம், "சோறு ஆக்கறப்போ பட்டதுங்க" என்பாள்.

இம்மை மறுமை இரண்டுக்கும் துணையாய் நிற்கும் பேரூர்ப் பெருமான் ராசம்மாள் வாழ்ந்து மறைந்த அந்தச் சாளையைக் காத்தருள்க. அங்கப்பனுக்கு நெடிய ஆயுளும் நோயற்ற உடலும் கூடுக. அன்புச்செல்வி கற்ற கல்வி அவளுக்கு நிழலாகுக. அந்த மனையில் விளக்கு எண்ணெய் குறையாது எரிக. கொடியில் துணியும் குதிரில் தானியமும் நிறைக. வந்தவர் பசியாறிச் செல்க. அவர்தம் வழிவழி வருவோர் எவர்க்கும் தலைவணங்காது, எவரையும் வணங்கச் செய்யாது, பல்லாண்டு பொலிந்து வாழ்க.