திருப்பி மாட்டிய படம்

எங்கள் வீட்டில் பேய்க்கதை படிக்க யாரும் தடை சொன்னதில்லை. அந்தக் கதைகளுக்குப் படம் போட்டவனே என் அண்ணன்தான். பகலில் நல்லூரில் இருந்த எங்கள் பிரிண்டிங் யூனிட்டில், பனியனில் அச்சாகும் படங்களை, ஒளி ஊடுருவும் ஃபிலிம் தாளில் வரைவான். மீதி நேரத்தில் வார இதழ்களின் தொடர்கதைகளுக்குப் படம். கிணறு, புளியமரம், தலைவிரித்த பெண் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்டதையெல்லாம் கொடுத்தான். கேட்காத ஒன்றையும் கொடுத்தான். ஒவ்வொரு படத்திலும் ஏதாவது ஓரத்தில், ஜன்னலிலோ பஸ் நிறுத்தத்திலோ, கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண் நிற்பாள். அவளுடைய இடது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு இருக்கும். அது என் அக்கா.

நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் யூனிட்டில் வேலை செய்த தென்மாவட்டத்துப் பையனோடு அக்கா போய்விட்டாள். அப்பா அவளைத் தலைமுழுகினார். அவளுடைய போட்டோக்கள் அத்தனையையும் எரித்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பங்காளிகளை ஏற்றிக்கொண்டு இரண்டு கார்களில் தேடிப் போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்தவர், குளித்தார், சாப்பிட்டார், "இனி அவ பேச்சு இந்த ஊட்ல வேண்டாம்" என்றார். அவளைக் கண்டுபிடித்தாரா, கண்டுபிடித்திருந்தால் என்ன செய்தார் என்று கேட்கும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. சொல்லாமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அம்மா நன்றாகத்தான் இருந்தாள். ஆனால் அப்பாவுக்குச் சோறு போடும்போதெல்லாம் அவர் கைகளையே பார்ப்பாள். அவள் எதைப் பார்க்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நானும் பார்க்க ஆரம்பித்தேன். பத்திரிகையில் வந்த எந்தப் பேயும் என்னைப் பயமுறுத்தவில்லை என்றால் அதற்கு இதுதான் காரணம்.

சென்ற வருடம் அண்ணன் மாரடைப்பில் இறந்தான். பரணில் அவன் கட்டி வைத்திருந்த படங்களை அண்ணி கோவையில் ஒரு கலைக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டாள். கதைகளுக்குப் படம் போட்ட கொங்குப் பகுதி ஓவியர்களைச் சேர்த்து அங்கே ஒரு கண்காட்சி வைத்தார்கள். "என்னைய ஒருக்கா கூட்டிட்டுப் போ கண்ணு, அவன் படத்தப் பாக்கோணும்" என்றாள் அம்மா. யாரைப் பார்க்கக் கிளம்புகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் கதைச் சுருக்கம் ஒட்டியிருந்தார்கள். அம்மா அதைப் படிக்கவில்லை. நேராக ஓரங்களைத் தேடினாள். எல்லாவற்றிலும் அக்கா இருந்தாள், வீட்டை விட்டுப் போன அதே வயதில். செத்தவர்களுக்குத்தான் வயது ஏறாது. அம்மாவின் நடை படத்துக்குப் படம் தளர்ந்துகொண்டே வந்தது.

கடைசியாக மாட்டியிருந்தது வேறு மாதிரி. எந்தக் கதைக்கும் வரைந்ததல்ல. எங்கள் யூனிட்டில் பயன்படுத்தும் ஃபிலிமில் கறுப்பு மையால் வரைந்திருந்தான். நடுவில், முகம் நேராகத் தெரிய, கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையோடு ஒரு நடுத்தர வயதுப் பெண். அம்மா கிட்டே போனாள். வெகுநேரம் நின்றாள்.

"இது அவ இல்ல. தழும்பு மாத்தி இருக்குது பாரு. வேற யாரோ" என்றாள்.

தழும்பு வலது புருவத்தில்தான் இருந்தது. காலமெல்லாம் ஒரே இடத்தில் அதை வரைந்த கை எப்படித் தவறும்? அப்போதுதான் கவனித்தேன், அந்தப் பெண்ணின் சேலை முந்தானையும் வலது தோளில் கிடந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். ஃபிலிமின் மை படாத, வழவழப்பான பக்கம் முன்னால் இருந்தது. ஃபிலிமைக் கையில் வாங்கியதுமே மை எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். பக்கம் மாறினால் பனியனில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல விழுந்துவிடும். சட்டம் போட்டவருக்கு அது தெரியவில்லை.

"பின்பக்கத்த முன்னால வெச்சு மாட்டிட்டாங்கம்மா" என்றேன். போனில் படமெடுத்து, இடம் வலம் மாற்றி அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அவதான்" என்றாள். பிறகு அந்த நெற்றியைக் காட்டினாள். "ரெண்டு பக்கமும் முடி ஏறிப்போய்க் கெடக்குது பாரு. எங்கம்மாளுக்கும் நாப்பது தாண்டுனதும் இப்படியேதான் ஏறுச்சு. உங்கண்ணன் பொறக்கறதுக்கு முன்னாலயே அவங்க போய்ட்டாங்க. ஒரு போட்டோகூட இல்ல. அவனுக்கு எப்படித் தெரியும்?"

இது மனதிலிருந்து வரைந்ததல்ல. அண்ணன் அவளைப் பார்த்திருக்கிறான், எதிரே உட்காரவைத்து வரைந்திருக்கிறான். அப்பா அவளைக் கொல்லவில்லை. அவள் எங்கேயோ ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறாள். எனக்குச் சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததெல்லாம் அண்ணன்மீது ஆத்திரம்.

"அப்பா போயி எத்தன வருஷமாச்சு. அதுக்கப்புறமாவது அந்தப் பாவி உன்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லம்மா" என்றேன்.

அம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவனைத் திட்டாத கண்ணு" என்றாள். "ஒரு வார்த்த கேக்காம உங்கப்பாவுக்குச் சோறு போட்டவதான நான். என்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அவதான் சொல்லியிருப்பா."