காட்டுமாடு வந்த சதுக்கம்

குன்னூர்க் கடைவீதிக்கு நடுவே, நாற்புறமும் கல் வளைவுகள் வைத்துக் கட்டிய பழைய சதுக்கம் ஒன்று இருந்தது. வளைவுகளுக்கடியில் காய்கறிக் கடைகள். ஏழு வயதில், அம்மாவோடு அங்கே ஒளிந்திருந்த அந்த மத்தியானத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அன்று என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கோயம்புத்தூரில் மாமா வீட்டுக்குப் போகிறோம் என்று மட்டும் அம்மா சொன்னார். கதவில் இடித்துக்கொண்டதாக அவர் சொன்ன இடது கண் நன்றாக வீங்கியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமிருந்ததால், சதுக்கத்து வளைவு ஒன்றின் அடியில் நின்றிருந்தோம். எதிர் வளைவுகள் மூடுபனியில் மறைந்துகொண்டிருந்தன.

"காட்டுமாடு! காட்டுமாடு!" என்று யாரோ கத்தினார்கள். ஷட்டர்கள் தடதடவென்று இறங்கின. பனிக்குள்ளிருந்து முதலில் கொம்புகள் வந்தன, பிறகு அந்தக் கறுத்த, பெரிய உடம்பு. கேரட் விற்கும் அக்கா ஒருவர் எங்களை இழுத்துத் தன் மூட்டைகளுக்குப் பின்னால் உட்காரவைத்தார். மாடு நடுச் சதுக்கத்தில் நின்று சீறியது. அந்தச் சத்தம் வளைவுகளில் மோதித் திரும்பியதில், எல்லாப் பக்கமும் மாடு நிற்பதுபோல் இருந்தது. நான் பாவாடையை நனைத்துவிட்டேன்.

சிதறிக்கிடந்த முட்டைக்கோஸைத் தின்றுவிட்டு, அது சரிவில் இறங்கிப் போயிற்று. சனங்கள் சிரித்தபடி வெளியே வந்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கம், பனிக்குள்ளிருந்து அப்பா! எங்களைக் காப்பாற்ற வந்துவிட்டார் என்று கூப்பிடப் போனேன். அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது.

"மூச்சு விடாத புள்ள. மாடு இன்னும் போகல."

என்னை இழுத்துக்கொண்டு மூட்டைகளுக்குப் பின்னால் இன்னும் தாழ்வாகக் குனிந்தார்.

அப்பா ஒவ்வொரு வளைவாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். மூட்டைகளின் இடுக்கில் அவருடைய செருப்பு தெரிந்தது.

"ஏனுங்க, ஒரு பொம்பளையும் புள்ளையும் இங்க வந்தாங்களா? அவளுக்குக் கண்ணு வீங்கியிருக்கும்."

அக்கா கீழே சிதறிய கேரட்டைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். பிறகு, "மாட்டைப் பாத்து அலறிட்டு ரயில் ஸ்டேஷன் பக்கம் ஓடுனாங்க. அங்க போய்ப் பாருங்க" என்றார்.

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. அக்காவே எங்களைப் பின்வழியாகக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டார். அதன் பிறகு அப்பாவோடு குடியிருந்த தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்கு நாங்கள் திரும்பவே இல்லை.

பஸ் கிளம்பியதும், "அந்த அக்கா அப்பாகிட்டப் பொய் சொல்லிட்டாங்கம்மா" என்று புகார் சொன்னேன். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, தோள்கள் குலுங்க அழுதார். மாட்டை நினைத்துத்தான் அழுகிறார் என்று எண்ணி, அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"அது அப்பவே போயிருச்சும்மா. நான் பாத்தேன்."